எதிர்ப்பக்கம் திறந்த கதவு

இனி வண்டிகளுக்குத் தகுதிச் சான்று கொடுக்க இயந்திரங்கள் வந்துவிடுமாம். ஒரு முனையில் வண்டியை ஏற்றினால் மறுமுனையில் தாள் வந்து விழும் என்று, இப்போது பணியில் இருக்கும் ஆய்வாளர்கள் இரண்டு பேர் அம்பத்தூரில் என் வீட்டுக்கு வந்து சொன்னார்கள். இயந்திரம் இல்லாத காலத்தில் எப்படிப் பார்த்தீர்கள் என்று எங்கள் சங்க மலருக்கு எழுதித் தரும்படியும் கேட்டார்கள். கண்ணால்தான் பார்த்தோம். அது ஒரு வரி. மலரில் எனக்கு ஒதுக்கியிருப்பது நான்கு பக்கம்.

மோட்டார் வாகன ஆய்வாளர் என்பது அரசு வைத்த பெயர். ஜனங்கள் வைத்த பெயர் பிரேக் இன்ஸ்பெக்டர். இந்த வேலையை முப்பத்து மூன்று வருடம் செய்தவனுக்கு ஓய்வுக்குப் பிறகு ஒரு நோய் வந்து சேரும். என்னால் பழைய காலத்துக் கதை எதையும் நிம்மதியாகப் பார்க்க முடியாது. கதாநாயகியின் தகப்பனார் சாகக் கிடப்பார். நான் வாசலில் நிற்கும் டாக்டரின் காரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வெள்ளைக்காரப் போலீஸ் துரத்தி வரும் ஜீப்பில் ஹாலஜன் விளக்கு எரியும். பதிவெண் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தாக இருக்கவேண்டிய காலத்தில் வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து இருக்கும். என் திருமணத்துக்கும் முந்திய காலத்துக் கல்யாண ஊர்வலத்தில், எனக்கு வழுக்கை விழுந்த பிறகு வந்த பதிவெண் வரிசையில் ஒரு கார் பூ சுற்றிக்கொண்டு போகும். என் மனைவி வசந்தா இதற்கு ஒரு விதி செய்து வைத்திருக்கிறாள். காரைப் பற்றிய என் கருத்துகளை விளம்பர இடைவேளையில் மட்டும் சொல்லலாம்.

நான் கற்ற கதை நீளமானதல்ல. இயந்திரவியல் டிப்ளமா, பணிமனையில் இரண்டு வருடம் கிரீஸ், ஒரு தேர்வு, ஒரு பயிற்சி. சட்டத்தை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை, நானாகச் செய்தேன். பிரிவு எண் சொன்னால் பக்கத்தைச் சொல்வேன். அந்த வயதில் அது ஒரு பெருமை.

நகரத்துக்கு மேற்கே ஒரு அலுவலகத்தில் சேர்ந்தேன். எது என்பதை விட்டுவிடுவோம். அங்கே வட்டாரப் போக்குவரத்து அலுவலராக இருந்தவர் ஆரோக்கியசாமி. குரலை உயர்த்தாத மனிதர். டிரைவரைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். ஆய்வு மைதானத்துக்கு வந்தால் முதலில் வண்டியை ஒருமுறை சுற்றிவருவார், எதையும் தொடமாட்டார். இரண்டாவது சுற்றில் ஒவ்வொரு டயரிலும் உள்ளங்கையை வைப்பார், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல. மூன்றாவது சுற்று கிடையாது. கையைக் கழுவிக்கொண்டு போய்விடுவார். பிறகு நாங்கள் எழுதிய அறிக்கையை வரவழைத்து, அவர் கண்டதும் நாங்கள் கண்டதும் ஒன்றுதானா என்று பார்ப்பார். ஒன்றாக இல்லாவிட்டால் திட்டமாட்டார். மறுபடி போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்வார். வெயிலில் அந்த மைதானம் எவ்வளவு பெரியது என்று அப்போது தெரியும்.

அவர் விட்டுக்கொடுக்காத விஷயம் ஒன்று உண்டு: பென்சில் பிரிண்ட். ஒவ்வொரு வண்டியின் அடி இரும்புச் சட்டத்திலும் சேசிஸ் எண்ணை அச்சுக் குத்தியிருப்பார்கள். அதன்மேல் மெல்லிய தாளை வைத்து, மிருதுவான பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எண் வெள்ளையாக எழும்பி வரும். அதை வெட்டிக் கோப்பில் ஒட்ட வேண்டும். பல இடங்களில் தரகர்களே தேய்த்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். எங்கள் அலுவலகத்தில் ஆய்வாளர் மண்டியிட்டுத் தன் கையால் தேய்க்க வேண்டும். ஓய்வு பெறும்போது எனக்குச் சால்வை கிடைத்தது. அதைவிட நிச்சயமாகக் கிடைத்தது முழங்கால் வலி.

இனி அந்த அம்பாசடர்.

ஆவடி தொழிற்சாலையில் தணிகாசலம் என்றொரு வெல்டர். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர், குவார்ட்டர்ஸில் குடும்பம். பதினைந்து வருடம் முடிந்த காரைப் பதிவு புதுப்பிக்கக் கொண்டுவந்திருந்தார். பிரேக், விளக்கு, ஸ்டீயரிங் எல்லாம் சரி. சுற்றி வரும்போது இடது முன்கதவைத் திறந்தேன். கதவு எதிர்ப்பக்கமாகத் திறந்தது.

எல்லாக் கார்களிலும் முன்கதவுக்குக் கீல் முன்பக்கத்தில் இருக்கும். இவர் அதைப் பெயர்த்து நடுத்தூணில் வைத்திருந்தார். தொழிற்சாலைக் கதவுக்கு இரண்டு கீல், இதற்கு மூன்று. தூணுக்கு உள்ளே தகடு வைத்துப் பலப்படுத்தியிருந்தார். பற்றவைத்த தழும்பு புள்ளி தப்பாமல் ஒரே சீராக ஓடியது. அவ்வளவு நேர்த்தியான வெல்டிங்கை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பின்னும் பார்க்கவில்லை. இருக்கை ஒரு தண்டவாளத்தில் அரை அடி வெளியே நகர்ந்து வந்தது. ஏன் இப்படி என்று கேட்டேன்.

மகளுக்காக என்றார். கலைச்செல்வி, பன்னிரண்டாம் வகுப்பு. போலியோவில் இரண்டு காலும் போனவள். அதுவரை இவர்தான் தூக்கி உட்கார வைத்திருக்கிறார்.

"வயசுக்கு வந்த பொண்ணு சார். எல்லார் எதிர்லயும் இனிமே என்னைத் தூக்காதப்பான்னுட்டா. கதவு இந்தப் பக்கம் தொறந்தா அவளே சக்கர நாற்காலிய ஒட்டி நிறுத்தி, கைய ஊனி ஏறிடுவா. ஒரு மாசமா ஏறிகினுதான் இருக்கா."

அனுமதி வாங்கினீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். முன் அனுமதியின்றி அமைப்பு மாற்றம். ஓடும்போது தாழ் விட்டுப்போனால் எதிர்க்காற்று கதவைப் பிடுங்கித் திறந்துவிடும் என்ற ஆபத்து வேறு. அவர் இரண்டாவதாக ஒரு தாழ் வைத்திருந்தார். அதுவும் அனுமதி இல்லாததுதான். பிரிவு எண், காரணம், முன்னுதாரணம் எல்லாம் போட்டு ஒன்றரைப் பக்கம் எழுதி மறுத்தேன். நல்ல குறிப்பு. இன்றைக்கும் அதில் ஒரு கமாவை மாற்ற முடியாது.

அவர் வாதாடவில்லை. அடுத்த வாரம் பொதுத்தேர்வு என்று மட்டும் சொன்னார். நான் மேல்முறையீட்டு மனு எழுதும் முறையை விளக்கினேன். மிகத் தெளிவாக விளக்கினேன் என்பது நினைவிருக்கிறது.

ஆரோக்கியசாமி அப்போது மூன்று வார விடுப்பில் ஊருக்குப் போயிருந்தார். பொறுப்பில் இருந்தவர் தணிகாசலத்தின் மனுவைப் பார்த்தார், என் குறிப்பைப் பார்த்தார், மூடி வைத்தார். அவ்வளவு சரியான குறிப்பை மீறிக் கையெழுத்துப் போட யாருக்குத் துணிவு வரும்? கோப்பு என் மேசைக்கே திரும்பி வந்து படுத்துக்கொண்டது.

ஆரோக்கியசாமி திரும்பி வந்து அதைப் படித்தார். இரண்டு முறை படித்தார். பெண்ணோடு வண்டியைக் கொண்டுவரச் சொன்னார். மறுநாள் அவள் வந்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் நாற்காலியை ஒட்டி நிறுத்தி, கதவின் கைப்பிடியை ஒரு கையால் பற்றி, மறுகையை இருக்கையில் ஊன்றி, ஒரே வீச்சில் உள்ளே போய் உட்கார்ந்தாள். ஐந்து விநாடி ஆகியிருக்காது. தணிகாசலம் நான்கடி தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கைகள் முன்னால் இருந்தால் தூக்கப் போய்விடும் என்பதுபோல நின்றார்.

அவள் அதேபோல நாற்காலிக்குத் திரும்பிய பிறகு ஆரோக்கியசாமி முதல் தாழைத் திறந்துவிட்டு, இரண்டாவது தாழை மட்டும் நம்பி, என்னை மைதானத்தில் எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக ஓட்டச் சொன்னார். பக்கத்து இருக்கையில் அவரே உட்கார்ந்தார். கதவு அசையவில்லை. இறங்கியதும் தணிகாசலத்திடம் ஒரு விண்ணப்பம் வாங்கி, உடல் ஊனமுற்றவருக்காக மாற்றியமைத்த வண்டி என்று சட்டத்திலேயே இருக்கும் வரையறையைச் சுட்டி அனுமதி எழுதினார். எனக்கும் தெரிந்த பக்கம்தான் அது.

என்னிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "வண்டிய நல்லா பாத்திருக்கீங்க. அதுல யார் ஏறப் போறாங்கன்னு பாத்திருக்கலாம்."

கலைச்செல்வி தேர்வு எழுதியிருந்தால் இது ஒரு நல்ல கதையாக முடிந்திருக்கும். தேர்வு முடிந்து ஆறு நாள் ஆகியிருந்தது. அந்த மூன்று வாரமும் கார் குவார்ட்டர்ஸில் நின்றது. அப்பா வேறு வண்டியில் தூக்கி உட்கார வைப்பதாகச் சொல்லியும் அவள் சம்மதிக்கவில்லை. அந்த வருடம் அவளுக்குப் போயிற்று. அடுத்த வருடம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கிக் கணக்கு ஆசிரியை ஆனாள். தணிகாசலம் ஓய்வு பெற்றுக் கோவில்பதாகையில் வீடு கட்டியபோது புதுமனை புகுவிழாவுக்கு அழைத்தார், போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விருந்துக்கு உட்கார வைத்தார். அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டிய அவசியமும் இல்லை.

இது நடந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. இனிச் சொல்லப்போவது போன மழைக்காலத்தில் நடந்தது.

சாயங்காலம் ஆறரை மணிக்கு ஒரு தொடர். சுதந்திரம் வந்த வருடத்தில் நடக்கும் குடும்பக் கதை. ஜமீன்தார் ஒருவர் அம்பாசடரில் வந்து இறங்குகிறார். அந்த வண்டி இந்த நாட்டில் பிறக்க இன்னும் பத்து வருடம் இருக்கிறது. முகப்புக் கம்பிச் சட்டம் அதற்கும் பிந்தையது. பதிவெண் அதற்கும் பிந்தையது. விளம்பர இடைவேளை வந்தது. வசந்தா, "என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போவுது? அவங்களுக்கே எழுதுங்க" என்றாள். எழுதினேன். பிழைகளை வரிசையாக எண்ணிட்டு, பிரிவு வாரியாக, ஒன்றரைப் பக்கம்.

இம்மாதிரிக் கடிதங்களுக்குப் பதில் வருவதில்லை. இதற்கு வந்தது. கலை இயக்குநரின் அலுவலகம் நன்றி தெரிவித்திருந்தது. அந்தக் காலத்துக் கார்களில் கதவு எதிர்ப்பக்கம் திறக்கும் என்று கேள்விப்பட்டு, அப்படித் திறந்த ஒரே காரணத்துக்காக இந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தோம், தங்கள் கடிதத்தைக் கண்டபின் அதை நிறுத்திவிட்டோம் என்று எழுதி, ஒரு படத்தையும் இணைத்திருந்தார்கள். படத்தில் இடது முன்கதவு திறந்திருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று கீல்.

தொடரில் ஜமீன்தார் இறங்கும்போதெல்லாம் நான் பதிவெண் பலகையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

படப்பிடிப்புக்குப் பழைய வண்டி வாடகைக்கு விடுபவர்கள் குமணன்சாவடிப் பக்கம் சிலர் உண்டு. மூன்றாவது இடத்தில் வண்டி இருந்தது. பாபு என்பவனுடைய கொட்டகை. நாற்பது வயதிருக்கும். நான் யாரென்று சொல்லாமல், பழைய வண்டிகளில் ஆர்வம் உள்ளவன் என்று மட்டும் சொன்னேன். அவனுக்குப் பேச ஆள் கிடைத்தது போதுமாக இருந்தது.

"நல்லா ஓடிகினு இருந்த வண்டி சார். எவனோ ஒரு பெருசு, வேல வெட்டி இல்லாம, இது அந்த வருசத்து வண்டி இல்லன்னு லெட்டர் போட்டுகீது. அத்தோட வேணாம்னுட்டாங்க. இந்தக் கதவுக்கு வேற எவன் கேப்பான்? வெள்ளிக்கெழம பழைய இரும்புக்குக் கட் பண்ண ஆளு வருது."

அன்று செவ்வாய். முழங்காலைப் பற்றி யோசிக்காமல் மண்டியிட்டு, துருவைத் துடைத்து, பையில் இருந்த தாளை வைத்துப் பென்சிலைத் தேய்த்தேன். எண் மெல்ல எழும்பி வந்தது. பாபு இன்னமும் அந்தப் பெருசைத் திட்டிக்கொண்டிருந்தான்.

அங்கிருந்து நேராகக் கோவில்பதாகை. தணிகாசலம் போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன என்பது தெரியும். அவர் படுத்திருந்தபோது காரை விற்றுவிட்டதாகவும் கேள்வி. கலைச்செல்வி கதவைத் திறந்தாள். தலை நரைத்திருந்தது. ஆனால் என்னை ஒரே பார்வையில் அடையாளம் கண்டுகொண்டாள். உள்ளே வரச் சொன்னாள். உங்கள் அப்பாவின் கார் கிடைத்துவிட்டது என்று, ஏதோ நானே செய்து கொடுத்ததுபோலச் சொல்லிப் பென்சில் பிரிண்டை மேசையில் வைத்தேன். எண்ணை ஒப்பிட அவள் பழைய ஆர்.சி. நகலைத் தேடவில்லை. தாளைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

"தெரியும் சார். தெனம் ஆறரைக்குப் பாத்துட்டுதான் இருந்தேன்."

முதல் நாளே கதவை வைத்துக் கண்டுகொண்டிருக்கிறாள். அன்றிலிருந்து ஸ்பெஷல் கிளாஸ் எல்லாவற்றையும் ஆறு மணிக்குள் முடித்துவிட்டுத் தொலைக்காட்சி முன் வந்துவிடுவாளாம். கதை எதுவும் தெரியாது. ஜமீன்தார் யாரைக் கட்டிக்கொண்டார், யாரைக் கைவிட்டார் என்பது தெரியாது. அவர் இறங்கும்போது கதவு திறக்கும்; அப்பா கை வைத்த இடம் ஒரு விநாடி தெரியும். அதற்காக. பத்து நாளாக அந்தக் கார் வரவில்லை. ஏன் என்று தெரியவில்லை என்றாள்.

ஏன் என்று சொன்னேன். கடிதத்தைப் பற்றியும், வெள்ளிக்கிழமையைப் பற்றியும் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாவது தடவ சார்."

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கணக்கைச் சரிபார்ப்பவள்போலச் சொன்னாள்.

வண்டியை வாங்கிக்கொள்ளும்படி சொன்னேன். பாபுவிடம் நானே பேசுவதாகவும் சொன்னேன். தெருவில் ஸ்கூட்டர் நிறுத்தவே இடமில்லை, வீட்டு வாசலில் துருப்பிடிக்க வைத்துத் தினமும் பார்க்க முடியாது என்றாள். அது ஓடிக்கொண்டிருக்க வேண்டும், யாராவது அந்தக் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. அப்படியானால் நான் எழுதியது தவறு, வண்டி சரியானதுதான் என்று மறுகடிதம் எழுதிவிடுகிறேன் என்றேன். முப்பத்து மூன்று வருடத்தில் ஒரு பொய்ச் சான்றிதழ்கூடக் கொடுக்காதவன் நான். அன்றைக்குக் கொடுக்கத் தயாராக இருந்தேன்.

"பொய் எழுதாதீங்க. அப்பா வண்டிய வச்சிப் பொய் வேணாம்."

அவளுடைய மேசையிலேயே உட்கார்ந்தேன். மாணவர்களின் தாள்களை ஒதுக்கி இடம் கொடுத்தாள். மூன்று முறை எழுதிக் கிழித்தேன். நான்காவது கீழே:

"ஐயா, தங்கள் தொடரில் வந்த காரைப் பற்றி நான் முன்பு எழுதியது, அதை நேரில் ஆய்வு செய்யாமல் எழுதியது. இன்று ஆய்வு செய்தேன். இடது முன்கதவு நடுத்தூணில் மூன்று கீல்களில் தொங்கும் இப்படிப்பட்ட கார் எந்தத் தொழிற்சாலையிலும் எந்த ஆண்டிலும் தயாரிக்கப்பட்டதில்லை. தணிகாசலம் என்ற வெல்டர், தம் மகள் யாரும் தூக்கிவிடாமல் தானே ஏறுவதற்காக, ஒரே ஒரு காரை இவ்வாறு செய்தார். ஆகவே இந்தக் கதவுக்கு மாடல் ஆண்டு கிடையாது. மாடல் ஆண்டு இல்லாத ஒன்றை எந்த ஆண்டுக்கும் பொருந்தாது என்று சான்றளிக்க எனக்கு விதி எதுவும் இல்லை. முன் கடிதத்தில் சொன்ன ஏனைய குறைகள் நிற்கின்றன. குறைந்தபட்சம் பதிவெண் பலகையை மாற்றவும்."

அவள் வாசித்தாள். திருத்துகிறவளின் வாசிப்பு; விரல் ஒவ்வொரு வரியின் கீழும் நகர்ந்தது. முடித்துவிட்டுச் சிவப்புப் பேனாவை என்னிடம் நீட்டினாள்.

"'ஒரே ஒரு'க்கு அடியில கோடு போடுங்க சார்."

போட்டேன். வீட்டுக்கு வந்து அதைப் படமெடுத்து மின்னஞ்சலில் அனுப்பினேன். மறுநாள் காலை பாபுவிடம் போய், வெள்ளிக்கிழமை வரச்சொன்ன ஆளைத் தள்ளிப் போடச் சொன்னேன். காரணம் கேட்டான். அந்தப் பெருசு நான்தான் என்றேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"நேத்து நான் அவ்ளோ திட்டிகினு கீறேன், நீ பாட்டுக்குக் குந்திகினு பென்சில தேச்சிகினு இருந்தியே சார். இன்னா மன்சன் நீ."

எனக்கும் தெரியவில்லை என்றேன். கதவின் கதையைச் சொன்னேன். அவன் போய்க் கதவைத் திறந்து, தன் இரண்டு கால்களையும் தொங்கவிட்டு, கையை ஊன்றி ஏறிப்பார்த்தான். இரண்டு முறை தவறி, மூன்றாவது முறை ஏறினான். பிறகு உள்ளே உட்கார்ந்தபடியே கைப்பேசியில் அந்த ஆளை வரவேண்டாம் என்றான்.

என் கடிதத்தின் தர்க்கத்தில் மயங்கி அவர்கள் வண்டியைத் திரும்ப எடுத்தார்கள் என்று சொல்ல ஆசைதான். பதிலாக ஏற்பாடு செய்திருந்த அசல் பழைய காரின் சொந்தக்காரர், நடிகர்களைச் செருப்போடு ஏற விடவில்லையாம். சாக்குத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் என் கடிதம் போயிருக்கிறது. அரசுக் கோப்புகளும் பெரும்பாலும் இப்படித்தான் நகர்ந்தன.

அடுத்த திங்கட்கிழமை ஆறரைக்குத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தேன். ஜமீன்தார் வந்தார். கறுப்புப் பலகை, வெள்ளை எழுத்து. எழுத்து வரிசை தவறு, போகட்டும். கார் நின்றது. கதவு எதிர்ப்பக்கமாகத் திறந்தது. ஒரு விநாடிகூட இல்லை. வசந்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

விளம்பரம் வந்ததும் கைப்பேசி அடித்தது. கலைச்செல்வி. நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்து, அதை எப்படித் தடுப்பது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

"கதவு கிறீச்சுன்னு கத்துது சார். கேட்டீங்களா? அப்பா இருந்தா விட்டிருக்க மாட்டாரு. எண்ணெ போடச் சொல்லுங்க."

மறுநாள் காலை எண்ணெய்க் குப்பியோடு குமணன்சாவடிக்குப் போனேன். பாபு கதவைப் பிடித்துக்கொண்டான். கீலுக்கு இரண்டு சொட்டு விட்டு, சத்தம் நிற்கும்வரை திறந்து திறந்து மூடினேன்.